பெட்டிக்குள் பெட்டி

தங்கத்தின் வீட்டில் கூலரும் கிரைண்டரும் சேர்ந்து ஓடாது. சேர்த்துப் போட்டால் வாசல் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச் பட்டென்று விழுந்துவிடும். டெல்லி மோதி பாக்கில் சுற்றிலும் இடித்துக் கட்டிவிட்டார்கள். இந்த ஒரு வரிசை குவார்ட்டர்ஸ்தான் மிச்சம். ஒயருக்கும் கட்டடத்தின் வயசு. அதனால் ஜூன் மாதத்தில் மாவாட்டுகிற நேரம் முழுக்க கூலரை அணைத்துவிட்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். வெளியே லூ என்கிற அனல் காற்று ஜன்னல் கம்பியைச் சுட்டுக்கொண்டு போகும். கல் சூடேறக்கூடாது என்று ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உளுந்தை ஆட்டுவாள். அப்படியும் காலையில் ஆட்டின மாவு மத்தியானத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

சரோஜினி நகர் வரைக்கும் அவள் மாவுக்கு ஆள் உண்டு. "ஆன்ட்டி, கட்டா ஹோ கயா" என்று இந்திக்காரப் பெண்கள் புளிப்பைக் குறை சொல்வார்கள். "தோ தோசா பனாவ்", அப்படியானால் தோசையாக ஊற்று, என்பாள். அவளுடைய இந்தியில் பாதி மாவு விற்கத்தான் இருந்தது.

புருஷன் வடிவேல் ஒரு சர்க்கார் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். மற்ற வீடுகளில் ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்தால், இவன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, சுண்டல் படைத்து, சூடம் காட்டி முடித்ததும் பழையதைத் துடைத்துவிட்டு காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸின் புதுப் பதிப்பை ஏற்றுவான். ஒரு காலத்தில் அந்த வரிசையில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் அன்றைக்குத் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இவன் வீட்டு ஹாலில் வரிசையாக வைத்தார்கள். சுண்டலும் கிடைத்தது, வைரஸும் போயிற்று. பிறகு பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள், கம்பெனி லேப்டாப் வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு பெட்டி குறைந்தது. கடைசியில் வடிவேலின் சொந்தப் பெட்டியும் மகள் சிந்துவின் லேப்டாப்பும் மட்டும் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. அந்த லேப்டாப்கூட விண்டோஸோடு வந்ததுதான். வாங்கின அன்றே, பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகப் பிரிக்காமல், அதைத் துடைத்துவிட்டான்.

"காசு குடுத்து வாங்குன சாமானுக்கு சாவி வித்தவன்கிட்ட இருக்குமாம். இதென்ன கூத்து? எந்தப் பூட்டுக்கடையிலயாவது அப்படி விப்பானா?" இது அவன் பாடம். தங்கத்துக்கு மனப்பாடம்.

அவனும் முகம் பார்க்காத சில பேரும் சேர்ந்து லினக்ஸில் வருகிற வார்த்தைகளைத் தமிழாக்கினார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கேந்திரிய வித்யாலயாவில் இந்தி படித்த சிந்து தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது அந்தத் திரையில்தான். கோப்பு, திருத்து, சேமி, வெளியேறு. ஐந்து வயதில் அம்மா மேல் கோபம் வந்தால் அடுப்படி வாசலில் நின்று "வெளியேறு!" என்று கத்துவாள். அவளுக்கு வாசிக்கத் தெரிந்த தமிழ் அதற்கு மேல் அதிகம் வளரவில்லை.

போன வருஷம் ஆபீசில் வடிவேலின் பிழைப்பில் மண் விழுந்தது. வருகிற தபால் எந்த மேஜையில் நிற்கிறது என்று காட்டுகிற ஒரு ஏற்பாட்டை அவன் தனி ஆளாக எழுதி, பல வருஷம் நிற்காமல் ஓட்டியிருந்தான். அதை எடுத்துவிட்டு ஒரு கம்பெனியின் சரக்கை வருஷச் சந்தாவுக்குப் போட்டார்கள். ஃபைலில் கையெழுத்துப் போட்டது சங்கரநாராயணன். ஆபீசில் மேலதிகாரி, குவார்ட்டர்ஸில் மாடி வீடு.

"ஃபைல்ல சைன் பண்ணது நான்தான், முடிவு பண்ணது நான் இல்ல" என்று அவர் மாடிப்படியில் வைத்துச் சொன்னார். "உங்க சாஃப்ட்வேர் நன்னாத்தான் ஓடறது வடிவேல். ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? கம்பெனின்னா ஒரு நம்பர் இருக்கு. ஃபோன் பண்ணலாம்."

"நான் இருக்கம்லா சார்."

"நீங்க ரிட்டயர் ஆயிடுவேளே."

வடிவேலைத் தபால் பிரிக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சு பெண்கள் வழியாக மட்டும் நடந்தது. அவர் மனைவி லதா மாமி மாவு வாங்க வருவாள்.

சிந்து கணக்குப் பட்டம் முடித்திருந்தாள். புனேயில் ஒரு கல்வி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி.க்கு முழு உதவித்தொகை. எழுத்துத் தேர்வு ஒன்றுதான் தடை. அதை வீட்டிலிருந்தே, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். தேர்வை நடத்துவது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் செயலி விண்டோஸில் மட்டும் ஓடும்.

"அப்பா, ஒரு தடவை விண்டோஸ் போட்டுக் குடுங்களேன். எக்ஸாம் முடிஞ்சதும் நீங்க எடுத்துடுங்க. ப்ளீஸ்" என்று சிந்து கேட்டாள்.

"அது எதுக்குட்டி? லினக்ஸுக்குள்ளயே ஒரு பொய்ப் பெட்டி செஞ்சு, அதுக்குள்ள விண்டோஸை ஓட விடுதேன். அதுக்குத் தான் ஒரு பெட்டிக்குள்ள இருக்கோம்னே தெரியாது. ராஜா மாதிரி ஓடும்."

"பக்கா?"

"பக்கா. வாசல்ல நிக்க வச்சுப் பேசி அனுப்புத மாதிரி. வீட்டுக்குள்ள விட்டா நாளைக்கு எந்திரிச்சுப் போவான்னு நெனைக்கியா?"

தங்கத்துக்குப் பெட்டி புரியவில்லை. ஆள் புரிந்தது. அவள் மாடிக்குப் போய் லதா மாமியிடம் அர்விந்தின் லேப்டாப்பை இரண்டு நாளைக்குக் கேட்டாள். அர்விந்த் மாமியின் பிள்ளை, குர்காவ்ன் கம்பெனியில் வேலை, இரண்டு வைத்திருந்தான். "எடுத்துண்டு போங்கோ தங்கம், இதுக்குப் போய் என்ன" என்று மாமி கொடுத்தாள். தங்கம் அதைத் துண்டில் சுற்றி, இட்லி அரிசி டிரம்முக்குள், அரிசிக்கு மேல் வைத்து மூடினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாதிரித் தேர்வு ஒன்று இருந்தது. பொய்ப் பெட்டிக்குள் அது வெண்ணெய் மாதிரி ஓடியது. கேமரா வந்தது, கேள்வி வந்தது, பதில் போயிற்று. வடிவேல் சிரித்தான். தபால் மேஜைக்குப் போன நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்துத் தங்கம் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஊறப்போட அரிசி எடுத்துத் தருகிறேன் என்று தானாகவே டிரம்மைத் திறந்தான்.

"இது யாருது?"

தங்கம் மாவைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "மாடி வீட்டுது. ஒரு காவலுக்கு இருக்கட்டும்னு வாங்கி வச்சேன்."

"அந்த ஆள் வீட்டுதா? என் சோலியப் பிடுங்கி எறிஞ்சவன் வீட்டுல போய்ப் பிச்சை எடுத்தியா?"

"புள்ளைக்குங்க."

"புள்ளைக்கு நான் செஞ்சது ஓடுதுல்லா? பாத்தேல்லா? ஏட்டி சிந்து, இங்க வா. உங்கம்மைக்குச் சொல்லு. ஓடிச்சா இல்லையா?"

சிந்து ஹாலிலிருந்து வந்தாள். டிரம்மையும் லேப்டாப்பையும் பார்த்தாள். அவளுக்கு அதை வாங்கிக்கொள்ள ஆசை இருந்தது. தங்கத்துக்கு அது தெரிந்தது. ஆனால் அப்பாவின் பெட்டி இதுவரை எதிலும் அவளைக் கைவிட்டதில்லை.

"ஓடிச்சும்மா. டீக் தா, சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

வாசலில் மாவுக்கு ஆள் வந்து பெல் அடித்தது. தங்கம் கவரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வடிவேல் லேப்டாப்போடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் மாவாட்டவில்லை. கிரைண்டர் சத்தம் கேட்டால் செயலி சந்தேகப்படுமாம். கூலரையும் அணைக்க வேண்டும். அதைவிட, மறந்துபோய் இரண்டையும் போட்டு சுவிட்ச் விழுந்துவிட்டால்? அவள் கிரைண்டர் பிளக்கையே பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தாள். சிந்துவின் அறை ஜன்னலில் போர்வையை அடித்தார்கள். உள்ளே வேறு ஆள் முகம் தெரியக்கூடாது என்பதால் கதவைச் சாத்தினார்கள். துணி வாங்க வந்து பெல் அடிக்கிற இஸ்திரிக்காரனிடம் போய், "பையா, ஆஜ் பெல் நஹி" என்று கையைக் காட்டிவிட்டு வந்தாள்.

பிறகு நடையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். வடிவேல் கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே பேனா தட்டுகிற சத்தம் வந்தது. கணக்கு நன்றாக வரும்போது சிந்து அப்படித் தட்டுவாள்.

"நல்லா எழுதுதா" என்றான் மெதுவாக.

"பேசாதீங்க. கேக்கும்."

கீரை முக்கால்வாசி ஆய்ந்திருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு கதவு திறந்தது. சிந்துவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, லாக் ஆயிடுச்சு."

"என்ன சொல்லுது?"

"அனுமதி இல்லாத மெஷின்னு. வர்ச்சுவல்னு, பொய்ப் பெட்டின்னு, கண்டுபிடிச்சிடுச்சு. டெர்மினேட்டட்."

"நேத்து ஓடிச்சே?"

"நேத்து செக் பண்ணலப்பா. இன்னைக்குப் பாதியில செக் பண்ணுது. ஜல்தி ஏதாவது பண்ணுங்க, டைம் போகுது."

வடிவேல் உள்ளே ஓடினான். கேமரா இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. திரையில் இரண்டாவது முகம் என்று இன்னொரு சிவப்புக் கட்டம் வந்தது. ஓரத்தில் உதவிக்கு ஒரு சின்னக் கட்டம். அதில் ரியா என்று பேர். சிந்து தட்டினாள். பொறுமைக்கு நன்றி என்றாள் ரியா. மறுபடி தட்டினாள். உங்கள் சிரமம் புரிகிறது, பொறுமைக்கு நன்றி.

"இது மனுசியா, மெஷினா?" என்றாள் தங்கம் வாசலில் நின்று.

"தெரியலம்மா."

"கரண்டு இருக்கா? நெட்டு இருக்கா?"

"எல்லாம் இருக்கும்மா!" என்று சிந்து கத்தினாள். "எல்லாமே இருக்கு!"

நேரம் முடிந்ததும் கட்டம் தானாக மூடிக்கொண்டது. புகார் இருந்தால் எழுதி அனுப்பலாம் என்று ஒரு முகவரி வந்தது. அதைப் பார்த்ததும் வடிவேலுக்கு உயிர் வந்தது. அது அவனுக்குத் தெரிந்த வேலை. அவன் உலகத்தில் ஒன்று உடைந்தால் அழுவதில்லை, திட்டுவதில்லை. என்ன பெட்டி, எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், எந்த இடத்தில் நின்றது, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி அனுப்புவார்கள். எங்கேயோ ஜெர்மனியிலோ பிரேசிலிலோ முகம் தெரியாத ஒருத்தன் அதைப் படித்து, நன்றி சொல்லி, சரி செய்து தருவான். வடிவேல் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறான், அவனுக்கும் எழுதியிருக்கிறார்கள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்து எழுதினான். லினக்ஸுக்குள் பொய்ப் பெட்டி செய்தது, அதில் விண்டோஸை ஏற்றியது, மாதிரித் தேர்வில் ஓடியது, தேர்வின் நடுவில் நின்றது. மகள் ஒரு தப்பும் செய்யவில்லை, ஏற்பாடு முழுக்க என்னுடையது. உங்கள் செயலி மாதிரித் தேர்விலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்னின்ன இடத்தில் திருத்தினால் போதும். கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் சேர்த்தான்.

"காட்டுங்கப்பா" என்றாள் சிந்து.

"அனுப்பிட்டேன். பைய வாசிச்சுப் பாத்தாம்னா அவனுக்கே புரியும்."

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. விரிவான தகவலுக்கு நன்றி. அனுமதி இல்லாத சூழலைப் பயன்படுத்தியதை விண்ணப்பதாரர் தரப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளதால் மேல்விசாரணை தேவையில்லை. இந்தக் கம்பெனி நடத்தும் எந்தத் தேர்வையும் சிந்து மூன்று வருஷம் எழுத முடியாது. நாட்டில் பாதி நுழைவுத் தேர்வை அந்தக் கம்பெனிதான் நடத்துகிறது.

விஷயம் கேட்டு சங்கரநாராயணன் கீழே வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கம் மோர் கொடுத்தாள். வடிவேல் தன் கடிதத்தை அவருக்குத் திரையில் காட்டினான். நியாயம் கேட்கிற மாதிரி காட்டினான்.

அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு வடிவேல் உங்களை இதெல்லாம் எழுதச் சொன்னா?"

"நடந்தது அதுதான சார்."

"நடந்ததை யாரு கேட்டா? கரண்ட் போயிடுத்துன்னு ஒரு வரி போட்டிருந்தாப் போறுமே. ஜூன் மாசம் டெல்லில கரண்ட் போச்சுன்னா எவன் நம்ப மாட்டான்? மறு தேதி குடுத்திருப்பான். அர்விந்தோட ஃப்ரெண்டுக்குக் குடுத்தான்."

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

"பொய் இல்லய்யா. ஃபார்மாலிட்டி."

"தப்பு எங்கன இருக்குன்னு சொன்னாத்தான சார் அவன் சரி பண்ணுவான்?"

"எவன்?"

வடிவேல் கடிதத்தின் மேலே போய் முகவரியைப் பார்த்தான்.

"சார்" என்றாள் தங்கம். "மாடிப்படியில வச்சுச் சொன்னீங்களாமே, கம்பெனின்னா ஒரு நம்பர் இருக்குன்னு. இவங்களுக்கும் ஒரு நம்பர் உண்டு. நாலு நாளா போட்டுட்டிருக்கேன். பாட்டுதான் பாடுது."

அவர் மோரைக் குடித்து முடித்தார். "நான் என்ன பண்ணட்டும் தங்கம்மா" என்றார். அவரும் பாவம், நிஜமாகத்தான் கேட்டார்.

அவர் போன பிறகு சிந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, நீங்க யாருக்கு எழுதினீங்க?"

"கம்பெனிக்கு."

"அங்க யாரும் இல்லப்பா."

தங்கத்துக்கு அன்றைக்கு ஆட்டாத மாவுதான் நெஞ்சில் நின்றது. வழக்கம்போல கிரைண்டரைப் போட்டிருந்தால், கூலரை மட்டும் அணைக்க மறந்திருந்தால், சுவிட்ச் விழுந்து நெட் போயிருக்கும். கரண்ட் போச்சு என்பது பொய்யாகக்கூட இருந்திருக்காது. பிளக்கைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்த தன் கையை அவள் பார்த்தாள். அரிசி டிரம் திறந்தபோது கத்தாத வாயையும் நினைத்தாள்.

புனே போயிற்று. கணக்கு இல்லாத ஒரு வேலையை அர்விந்த் சிந்துவுக்குப் பார்த்துக் கொடுத்தான். வீட்டிலிருந்தே செய்யலாம். ஏதோ கம்பெனிக்கு ஓரத்துச் சின்னக் கட்டத்தில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு எழுதிவைத்த வரிகளை எடுத்துப் போடுகிற வேலை. சொந்தப் பேரில் வரக்கூடாது. நேஹா என்று பேர் கொடுத்தார்கள். லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும். விண்டோஸ் இருக்க வேண்டும், பெட்டிக்குள் பெட்டி கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் சிந்து லேப்டாப்பையும் அர்விந்த் கொடுத்த பென் டிரைவையும் வடிவேலுக்கு முன்னால் வைத்தாள்.

"அர்விந்த் அண்ணா வந்து போட்டுத் தரேன்னாரு. நீங்க போடுறீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடு" என்றான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். ஆயுத பூஜையன்று உட்காருகிற அதே இடம். மூடியில் போன வருஷத்துச் சந்தனம் ஒரு வெள்ளைத் தடமாக இருந்தது. பென் டிரைவைச் செருகினான். முதலில் எந்த மொழி என்று கேட்டது.

"இங்கிலீஷ்தான்பா" என்றாள் சிந்து, அவன் கேட்காமலே.

இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. அவன் விரல் நின்றது. தங்கம் அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்து குனிந்து, அவன் கைக்கு மேலாகக் கையை நீட்டி, தட்டினாள்.

தங்கம் அடுப்படிக்குள் போனாள். உளுந்து ஊறி வெடித்துக் கிடந்தது. சாயங்காலத்துக்கு ஆள் வரும். கல்லில் அள்ளிப் போட்டு கிரைண்டரைப் போட்டாள். ஹாலில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. பட்டென்று சுவிட்ச் விழுந்தது. கூலர் முனகிக்கொண்டே நின்றது. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்தது.

"இப்பம் விழுது பாரு, சவம்" என்றாள் தங்கம்.

சுவிட்சைத் தூக்கிவிட யாரும் எழுந்து போகவில்லை. வாசல் நாலு எட்டில்தான் இருந்தது. ஜன்னல் வழியாக அனல் உள்ளே வந்தது. பேட்டரியில் லேப்டாப் மட்டும் நிற்காமல் ஓடியது. அதன் சின்ன விசிறி இரைந்தது. வடிவேல் தரையில் கிடந்த செய்தித்தாளை மடித்து விசிறத் தொடங்கினான். தனக்கு இல்லை. சூடேறுகிற அந்தப் பெட்டிக்கு, ஓரத்தில் காற்று போகிற துவாரத்தைப் பார்த்து.

"அதுக்கு வேண்டாம்பா" என்றாள் சிந்து. "அது பாட்டுக்கு ஆகும்."

அவன் விசிறிக்கொண்டே இருந்தான்.